பச்சை முகத்துக்காரி: ட்ரெச்சிகாஃப் பிரிண்ட் வாங்கலாமா?

அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்க ஓவியர் விளாடிமிர் ட்ரெச்சிகாஃப் வரைந்த ‘சைனீஸ் கேர்ள்’ படம் இப்போது இணையத்தில் பல விதமாகக் கிடைக்கிறது. கேன்வாஸில் இழுத்துக் கட்டியது வேண்டாம். பருத்தித் தாளில், பளபளப்பு இல்லாத வகையை வாங்குங்கள். வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், பெரிய அளவாக வாங்குங்கள். சின்னது தண்டச் செலவு. ஃப்ரேமை உள்ளூரில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கூடவே நின்று போடுங்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், நான் சிவகாசிக்காரன். அப்பா ஆப்செட் மிஷினில் சாமி காலண்டர் ஓட்டியவர். எங்கள் தெருவில் லட்சுமி, முருகன், மீனாட்சி எல்லாரும் பெரிய பெரிய தாளாகக் காய்ந்துகொண்டிருப்பார்கள். நான் இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பைன்டவுனில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் இருக்கிறேன். ஓவியம் பற்றிப் படித்தவன் கிடையாது. மை பற்றித் தெரியும், தாள் பற்றித் தெரியும். இந்த ஓவியரைப் பொறுத்தவரை அது போதும் என்பது என் கட்சி. அந்த ஆள் வரைந்ததே அச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன். அவர் காதில் விழுந்திருந்தால் என்னை அடிக்க வந்திருப்பார்.

படம் தெரியாதவர்களுக்கு: ஒரு சீனப் பெண், மார்பளவு. கறுப்பு முடி, ரத்தச் சிவப்பில் உதடு, பொன்மஞ்சளில் பூவேலை செய்த பட்டு அங்கி. முகம் மட்டும் நீலமும் பச்சையும் கலந்த நிறம். நம்மைப் பார்க்காமல் எங்கோ கீழ்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கியின் மேல்பாதியை இழை இழையாக வரைந்துவிட்டு, கீழ்ப்பாதியைப் பழுப்புப் பின்னணியில் வெறும் கோடுகளாக விட்டிருப்பார். தென்னாப்பிரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும், வெள்ளைக்காரர், கறுப்பர், இந்தியர் யாரானாலும், “எங்க பாட்டி வீட்டுல இருந்துச்சு” என்பார்கள்.

எனக்கு வேண்டியிருந்ததும் ஒரு பாட்டி வீட்டுக்குத்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருக்கும் அவுட்பில்டிங்கின், அதாவது வீட்டை ஒட்டிய தனிக் கட்டடத்தின், சொந்தக்காரி, நான் ஆயா என்று கூப்பிடுகிறவர். நகராட்சித் தொழிலாளிகள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். அறுபதுகளில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்டபோது இவர்களும் வந்தார்கள். புது வீட்டுக்கு அவர் கணவர் வாங்கிய முதல் அலங்காரப் பொருள் இந்தப் படமாம். லவுஞ்ச் சுவரில் ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் மதுரை மீனாட்சி, நடுவில் இந்தச் சீனத்தி. 2022 ஏப்ரலில் டர்பனில் பெய்த பேய்மழை நினைவிருக்கும், நானூறு பேருக்கு மேல் இறந்தார்களே, அப்போது லவுஞ்சுக்குள் தண்ணீர் வந்து படம் நனைந்துவிட்டது. பழைய பிரிண்ட், ஹார்ட்போர்டில் ஒட்டி வார்னிஷ் அடித்தது. கீழிருந்து அட்டை ஊதித் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிட்டது. கொஞ்ச நாள் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஒரு நாள், “தம்பி, நீதான் பிரிண்டிங் வேலைன்னு சொன்னியே, அவளை மாதிரியே ஒண்ணு கொண்டா” என்றார்.

உரிந்த அந்தப் பழைய பிரிண்டை லூப் (அச்சுக்காரர்களின் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய சாமான்தான். நாலு கலர்ப் புள்ளி வட்டம் வட்டமாகத் தெரிந்தது. சிவப்பு மட்டும் ரெஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல் இன்னொரு கலர் பொருந்தி விழுவது, ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. அதனால் கீழுதட்டின் ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் வெளியே வழிந்து, அந்த முகத்துக்கு ஒரு அலட்சியத்தைக் கொடுத்திருந்தது. ஜன்னல் வெயில் பல வருஷம் பட்டதில் மஞ்சளும் மெஜந்தா என்ற சிவப்பும் வெளுத்துப்போயிருந்தன. எந்த அச்சிலும் வெயிலில் முதலில் போகிறவை அவைதான். சயான் என்ற நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். டீக்கடை சுவரில் தொங்கும் பழைய சினிமா போஸ்டர் எல்லாம் நீலமாகிக் கிடப்பது இதனால்தான். அந்தப் பட்டு அங்கியில் பொன்னே இல்லை, வைக்கோல் நிறம். பின்னணியும் சாம்பலாகிவிட்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. வேறு எந்தப் பெண்ணை வரைந்திருந்தாலும் இத்தனை வருஷத்தில் நீலம் பாரித்துப் பிணமாகியிருப்பாள். இவள் பிறந்ததே நீலமாகத்தான், அதனால் பிழைத்துக்கொண்டாள். ட்ரெச்சிகாஃப் இதைத் தெரிந்து செய்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவர் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1913-இல் ரஷ்யப் பேரரசில் இருந்த பெட்ரோபாவ்லோவ்ஸ்க்கில் பிறந்தவர்; அந்த ஊர் இன்று கசகஸ்தானில் இருக்கிறது. புரட்சிக்குப் பிறகு குடும்பம் சீனாவின் ஹார்பினுக்கு ஓடியது. அங்கே சின்ன வயதிலேயே நாடக அரங்கில் திரைச்சீலை வரையப் போய்விட்டார். பிறகு ஷாங்காய், அங்கே நடாலியோடு கல்யாணம், பிறகு சிங்கப்பூரில் பத்திரிகைப் படமும் விளம்பரமும். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது மனைவியும் மகளும் முன்னாலேயே கப்பலேறிவிட்டார்கள். இவர் ஏறிய கப்பலில் குண்டு விழுந்தது. உயிர்காப்புப் படகில் துடுப்புப் போட்டு, கடைசியில் ஜாவா போய்ச் சேர்ந்து, சிறைப்பட்டு, தனிக்கொட்டடியில் இருந்து, வெளியே வந்தார். குடும்பம் தென்னாப்பிரிக்காவில் இருப்பது தெரிந்து 1946-இல் கேப்டவுனுக்கு வந்தார். 2006-இல் அங்கேயே இறந்தார்.

ஜாவாவில் இருந்தபோது லென்கா என்ற பெண்ணோடு வாழ்ந்தார், அவளை வரைந்தார். அந்தப் படங்களையும் கையோடு கேப்டவுனுக்குக் கொண்டுவந்து, ஊரறிய மாட்டினார். நடாலி அதைப் பார்த்துக்கொண்டே கடைசி வரை அவரோடு குடித்தனம் நடத்தினார். குடும்பத்தைத் தேடி இவ்வளவு கடல் தாண்டி வந்தவரும் இவர்தான், இதைச் செய்தவரும் இவர்தான். எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. நடாலியின் இடத்தில் எங்கள் அம்மா இருந்திருந்தால் லென்கா படம் அன்றைக்கே அடுப்புக்குப் போயிருக்கும்.

அவருடைய பெரிய முரண் வேறு. ஓவியர்கள் படத்தைக் கேலரியில் மாட்டுவார்கள். இவர் துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் மாட்டினார். 1961-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் போட்ட கண்காட்சிக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனில் இவர் பிரிண்டை மருந்துக்கடையில் வாங்க முடிந்தது, வுல்வொர்த்ஸ் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் வாங்க முடிந்தது. விமர்சகர்கள் ‘மலிவு ரசனையின் ராஜா’ என்று திட்டினார்கள். சரி, பணம்தான் கொட்டுகிறதே என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தன்னைப் பெரிய ஓவியர்கள் வரிசையில் வைக்க வேண்டும் என்று கடைசி வரை முறுக்கிக்கொண்டே இருந்தார். தனக்கும் வான்கோவுக்கும் ஒரே வித்தியாசம், அவன் பட்டினி கிடந்தான், நான் பணக்காரன் என்று சொன்னாராம். ஆளைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை இந்த ஒரு பேச்சை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம். எனக்குப் பிடித்திருக்கிறது. தென்னாப்பிரிக்க தேசிய ஓவியக்கூடம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2011-இல், ஆள் போய் ஐந்து வருஷம் கழித்து.

இங்கேதான் எனக்குக் கோவில்பட்டி கொண்டையராஜு ஞாபகம் வருகிறார். அவரும் நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தவர். பிறகு அவர் வரைந்த சாமிகள் எங்கள் ஊர் மிஷினில் ஏறி, தமிழ்நாட்டில் பாதி வீட்டுப் பூஜையறைக்குள் போனார்கள். 1976-இல் இறந்தார். காலண்டர் ஓவியர் என்று யாராவது மட்டமாகச் சொன்னதற்காக அவர் சண்டைக்குப் போனதாக எங்கள் பக்கம் பேச்சு கிடையாது. திரைச்சீலை வரைந்தவர்களுக்கு ஒரு கை உண்டு. கடைசி வரிசையில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் முகம் தெரிய வேண்டும் என்று வரைவார்கள். ‘சைனீஸ் கேர்ள்’ அப்படிப்பட்ட படம். அந்தப் பச்சைகூட மேடை லைட்தான் என்பது என் ஊகம். பக்கத்திலிருந்து கலர் விளக்கு அடித்தால் முகம் இப்படித்தான் இருக்கும். ஐரோப்பிய விமர்சகர்கள் பச்சை முகமா என்று அலறினார்கள். ஆயாவுக்கு அது ஒரு நாளும் விசித்திரமாகப் பட்டதில்லை. பக்கத்தில் மீனாட்சி பச்சையாகத்தானே இருக்கிறாள்?

உட்கார்ந்து மாடல் கொடுத்த பெண்ணுக்கு மட்டும் விசித்திரமாக இருந்திருக்கிறது. கேப்டவுன் சீ பாயின்டில் தன் மாமாவின் சலவைக்கடையில் வேலை செய்தவர். ட்ரெச்சிகாஃப் அங்கே பார்த்துத்தான் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது சில பவுண்டுகள். முடிந்த படத்தில் தன் முகம் பச்சையாக இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனாராம். பல வருஷம் கழித்துத்தான் அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. படம் வரைந்த காலத்தையும் யோசித்துப் பாருங்கள், 1952 வாக்கில். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் எந்த இனத்தான் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். சீனர்களும் வெள்ளையரல்லாதவர் கணக்குதான். லவுஞ்ச் சுவரில் அவள் இருக்கலாம், பக்கத்து வீட்டில் குடிவர முடியாது. ட்ரெச்சிகாஃப் சீனர், மலாய், ஜூலு என்று அழகழகாக வரைந்தார், விற்றார். வரைந்த முகங்களை அந்தச் சட்டம் என்ன செய்தது என்பது எதுவும் அந்தப் படங்களுக்குள் வரவில்லை. இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். அதே சட்டத்தால் பேரக்ஸை விட்டு வந்த ஆயாவிடம் இதைச் சொன்னபோது, “அவ என்னா பண்ணுவா பாவம்” என்றார். ஓவியரைப் பற்றிக் கேட்டேன், படத்தில் இருப்பவளைப் பற்றிப் பதில் சொன்னார்.

சரி, பொருளுக்கு வருவோம்.

நான் இரண்டு விதமும் பார்த்தேன். கம்பெனியில் கூட வேலை செய்பவர் கேன்வாஸ் வாங்கியிருந்தார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓரங்களை மடித்துவிடுகிறார்கள். மடிப்புக்குள் படத்தின் விளிம்பு போய்விடுகிறது. கீழே கோடாக விட்ட பகுதி பாதி காணாமல் போய், படம் முடிந்த படம் மாதிரி ஆகிவிடுகிறது. முடிக்காமல் விட்டதுதான் அதன் அழகே. அதோடு, துணியின் நெசவு செயற்கையாக எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மினுங்குகிறது. ஓவியம் மாதிரி நடிக்கிற பிரிண்ட் எனக்கு ஆகாது.

தாளில் வருவது நன்றாக இருக்கிறது. கனமான பருத்தித் தாள், இங்க்ஜெட்டில் பிக்மென்ட் மை. லூப் வைத்தால் வட்டப் புள்ளிகள் இல்லை, தூவிவிட்ட மாவு மாதிரி மெல்லிய சிதறல். ரெஜிஸ்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. உதடு வரைந்த இடத்தில் அப்படியே நிற்கிறது. அங்கியின் பூவேலையில் பழைய பிரிண்டில் சேறாகிக் கிடந்த இடங்களில் இப்போது தூரிகை போன வழி தெரிகிறது. குறை என்றால், கருமை கொஞ்சம் அதிகம். கழுத்துக்குக் கீழே நிழல் குப்பென்று அடைத்துவிட்டது. நீலம் ஒரு பங்கு தூக்கல். பின்னணிப் பழுப்பில் சிவப்பு ஏறியிருக்கிறது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஃபைலை வைத்து அச்சடிக்கிறார்கள் போல, கடைக்குக் கடை நிறம் மாறுகிறது. வாங்கும் முன் கடைக்காரரிடம் அச்சடித்த தாளையே வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இணையதளத்தில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம்.

எனக்கு முதலில் வந்தது, சுருட்டி வைத்து அனுப்பிய அட்டைக் குழாயின் முனை நசுங்கி, தாளின் மூலையில் பிறை வடிவத்தில் மடிப்பு விழுந்து வந்தது. போட்டோ அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறு அனுப்பினார்கள். அந்த விஷயத்தில் புகார் இல்லை.

அசலையும் பார்த்திருக்கிறேன், அதனால் நிறம் பற்றி தைரியமாகச் சொல்கிறேன். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது சிகாகோக்காரப் பெண் ஒருவர் வாங்கிக்கொண்டு போன படம், 2013-இல் லண்டன் போனம்ஸ் ஏலத்துக்கு வந்தது. 9,82,050 பவுண்டுக்கு வைர வியாபாரி லாரன்ஸ் கிராஃப் எடுத்தார். இப்போது ஸ்டெல்லன்போஷுக்குப் பக்கத்தில் ஹெல்ஸ்ஹூக்தே கணவாயில் இருக்கும் அவருடைய டெலேர் கிராஃப் திராட்சைத் தோட்டத்தில் மாட்டியிருக்கிறது. கம்பெனி வேலையாகக் கேப்டவுன் போனபோது ஒரு மத்தியானம் அங்கே போனேன். வைன் குடிக்காதவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை. படத்துக்கு முன்னால் நின்றேன். நல்ல படம். ஆனால் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்: அசலில் எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்தில் பச்சை இன்னும் சாந்தமாக இருக்கிறது, பின்னணி மண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான். வேறு ஓவியர்களின் அசலுக்கு முன்னால் போனால் பிரிண்ட் எதையெல்லாம் தின்றுவிட்டது என்று தெரியும். இவருடையதில் பிரிண்ட் எதையும் தின்னவில்லை. அச்சுக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஓர் ஓவியன் செய்ய முடியாது. அவர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பார், அதுவும் தெரியும்.

இன்னொன்று. இந்தப் படத்தோடு அவருடைய மற்றவற்றையும் செட்டாக வாங்கினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். ‘மிஸ் வாங்’ வாங்கலாம், அழகான படம். ‘லாஸ்ட் ஆர்க்கிட்’, அதாவது படிக்கட்டில் எறிந்து கிடக்கும் ஆர்க்கிட் பூ, எனக்குப் பிடிக்கும். விருந்து முடிந்து எல்லாரும் போனபின் பெருக்க வருகிறவளின் கண்ணுக்குப் படுகிற காட்சி அது. ஆனால் அழுகிற ரோஜா, சாகிற அன்னத்தோடு பாலே ஆடும் பெண் எல்லாம் சும்மா கொடுத்தாலும் என் வீட்டுக்கு வேண்டாம். கண்ணீரைப் பூவின் மேல் வைத்தால் பார்க்கிறவன் அழுதுவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கைதான் அந்தச் சீனத்தியையும் வரைந்தது என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது. அவளிடம் அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் கேட்கவில்லை.

ஃப்ரேம் கதை. டர்பன் ஈரக் காற்றுக்குத் தாளின் மேல் நேராகக் கண்ணாடி படக்கூடாது. ஒரே மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிடும். நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை, கட்டாயம் வேண்டும், அமிலம் இல்லாத வகை. நான் போன கடையில் மவுண்ட் போடச் சொல்லிவிட்டு வந்தேன். போட்டார்கள். எடுத்துவந்து பார்த்தால், அழகாக வெட்டிய மவுண்டுக்கு அடியில் ட்ரெச்சிகாஃபின் கையெழுத்து மூடிக் கிடக்கிறது. கேட்டதற்கு, “ஏதோ எழுத்து, பார்க்க நன்றாக இல்லை, அதனால் மறைத்தோம்” என்றார் கடைக்காரர். மனுஷன் வாழ்நாள் முழுக்கப் பெயருக்காகச் சண்டை போட்டார், கடைசியில் ஃப்ரேம் கடையில் இந்த கதி. மவுண்டை மறுபடி வெட்ட வைத்தேன், அதற்குத் தனிக் காசு வாங்கிவிட்டார்கள்.

மாட்டியதும் ஆயா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “ரொம்பப் பளிச்சுனு இருக்கா. புதுப் பொண்ணு மாதிரி” என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. பழைய இடத்தில் மாட்டினால் காலை வெயில் நேரே படும், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டலாம் என்று சொன்னேன். “படட்டும் தம்பி. வெயில் பட்டாத்தான் அவ சரியாவா” என்றார். இந்த மை அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முருகனுக்கும் மீனாட்சிக்கும் நடுவில்தான் இருக்கிறாள்.

செலவு: பிரிண்ட், ஃப்ரேம், மவுண்ட், இரண்டாவது வெட்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ராண்டைத் தாண்டிவிட்டது. அதில் பிரிண்டின் பங்கு பாதிக்கும் கீழே. பட்ஜெட் இடிக்கிறது என்றால் மவுண்ட் போர்டில் கை வைக்காதீர்கள், கண்ணாடியில் மிச்சம் பிடியுங்கள். சாதாரணக் கண்ணாடியே போதும், பிரதிபலிப்பு இல்லாத வகை தேவையில்லை. பழைய அசல்காலப் பிரிண்ட் வேண்டும் என்கிறவர்கள் பழைய சாமான் கடைகளில் தேடலாம். ஹார்ட்போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கீழ் ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். பொத பொதவென்று சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.